டீசலில் இறங்கிய உப்புத் தண்ணீர்

மாயவனை மரக்காணம் உப்பளங்களில் எல்லோருக்கும் தெரியும். சுனாமிக்கு அடுத்த வருடம், இரண்டாயிரத்து ஐந்தில், அவனுக்கு முப்பத்து நான்கு வயது. அதில் பதினாறு வருடம் பக்தவச்சலம் முதலாளியின் உப்பளத்தில் கழிந்திருந்தது. முதல் பத்து வருடம் பாத்தியில் இறங்கி உப்பு வாரினான். பிறகு டிராக்டர் ஓட்டினான். கடைசியில் முதலாளியின் வெள்ளை அம்பாசிடர் அவன் கைக்கு வந்தது. கார் சாவி வந்த வாரமே செருப்பு வாங்கினான். அதற்குப் பிறகு அவன் கால் உப்புத் தண்ணீரைத் தொடவில்லை.

இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வருடக்கணக்கில் உப்புப் பாத்தியில் நின்ற பாதம் எப்படி வெடித்திருக்கும் என்று ஒரு முறை பார்த்தவர்கள், அதிலிருந்து தப்பித்த எவனையும் குறை சொல்ல மாட்டார்கள். தப்பித்தவன் மற்றவர்களை அதற்குள் தள்ளிவிடாமல் இருந்தால் போதும்.

மாயவனுக்குக் காரை ஓட்டத் தெரியும், காரைத் தெரியாது. துடைப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. வெள்ளிக்கிழமை தவறாமல் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்து முன்பக்கம் கட்டுவான். பானெட்டுக்குள் டீசல் ஃபில்டர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பான். ஓடுகிற வண்டியை எதற்குத் திறந்து பார்க்க வேண்டும் என்பது அவன் வாதம்.

காருக்கும், கழிமுகத் தண்ணீரைப் பாத்திக்கு இறைக்கும் ஆயில் இன்ஜினுக்கும் ஒரே பேரலில்தான் டீசல். அளத்தின் ஓரத்தில் தகரக் கூரை போட்ட மோட்டார் கொட்டகையில் அந்தப் பேரல் நின்றது. கொட்டகைச் சாவி பொன்னியிடம் இருந்தது. பொன்னிக்கு நாற்பத்தைந்து வயது. காலனியில் கடைசி வீடு, அளத்துக்கு மிகப் பக்கத்து வீடு. ஆண்களே கைப்பிடி போட்டு இரண்டு மூன்று முறை மூச்சு வாங்கிச் சுற்றும் இன்ஜினை அவர் ஒரே சுற்றில் கிளப்பிவிடுவார். கணவர் இறந்த பிறகு பதினொரு வருடமாக விடியற்காலையில் அந்த இன்ஜினைப் போட்டுவிட்டு, மற்ற பெண்களோடு சேர்ந்து உப்பு வாரப் போவார்.

அந்த வருடம் டீசல் சீக்கிரமாகத் தீர்ந்தது. காரணம் கண்ணுக்கு முன்னால் கிடந்தது. சுனாமி கொண்டுவந்து கொட்டிய சேறு வாய்க்காலை மேடாக்கியிருந்தது. மூன்று மணி நேரம் ஓடிய இன்ஜின் இப்போது ஐந்து மணி நேரம் ஓடியது. வாய்க்காலை ஒரு முறை எட்டிப் பார்த்திருந்தால் புரிந்திருக்கும். பக்தவச்சலம் வாய்க்காலைப் பார்க்கவில்லை; காலனியைப் பார்த்தார்.

“டேய் மாயவா, எவளோ டீசலை எடுத்து விக்கிறா. பேரலுக்குப் பூட்டுப் போடுடா.”

“அதுக்குப் பூட்டு மாட்ட வழி இல்லீங்க மொதலாளி. மூடியிலயே மரை போயிடுச்சு. துணியத்தான் சுருட்டி அடைச்சு வச்சிருக்குது.”

“அப்ப நீயே இன்னா பண்ணுவியோ பண்ணு.”

மாயவன் யோசித்தான். உப்பளத்துக்காரன் யோசனை உப்பில்தான் போய் நிற்கும். அன்றைக்கு வாரிய ஈர உப்பில் ஒரு மூட்டை கட்டி, தூக்கிப் பேரலின் தலையில் ஏற்றினான். துணி அடைத்த வாயின் மேல் மூட்டை உட்கார்ந்தது. மூட்டையையும் பேரலையும் சேர்த்துக் கயிற்றால் கட்டி, டிராக்டர் லோடுக்குப் போடும் தன் முடிச்சைப் போட்டான். அந்த முடிச்சு அந்த அளத்தில் வேறு யாருக்கும் வராது. தினமும் காலையில் அவனே வந்து அவிழ்ப்பான். முதலில் காருக்கும், பிறகு இன்ஜினுக்கும் வேண்டியதை ரப்பர் குழாய் விட்டு இறக்குவான். மறுபடி மூட்டையை ஏற்றிக் கட்டிவிட்டுப் போவான்.

பொன்னி இடுப்பில் கை வைத்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாருக்கு டிரைவரே இந்தக் காவலு? நண்டுக்கா?”

“திருடனுக்கு.”

“அப்படின்னா கொட்டாய் சாவிய எதுக்கு எங்கிட்ட வச்சிருக்கீங்க? அதையும் மூட்டையில கட்டி மேல வச்சிடுங்க.”

பெண்கள் சிரித்தார்கள். மாயவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவனைவிடப் பதினொரு வயது மூத்தவரை அவன் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான், ‘நீ’ போட்டுத்தான் பேசுவான். ஊர்த்தெருக்காரன் காலனிக்காரரிடம் வேறு எப்படிப் பேசுவான்? அப்படிப்பட்டவர் தன்னைக் கேலி செய்தது அவனுக்கு உறுத்தியது.

மூட்டை ஏறி இரண்டு வாரம் இருக்கும். பக்தவச்சலம் பாண்டிச்சேரியில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினார். கார் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. கோட்டக்குப்பத்துக்கு முன்னால் இழுவை குறைந்தது, குலுங்கியது, இருமியது, நின்றுவிட்டது. பட்டு வேட்டியோடு முதலாளி சாலையோரப் புழுதியில் இறங்கி நின்றார்.

கோட்டக்குப்பத்தில் ஹயாத் பாய் என்று ஒரு மெக்கானிக். குவைத்தில் ஒன்பது வருடம் லாரிகளைப் பிரித்துப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தவர். பானெட்டைத் திறந்ததும் எலுமிச்சம்பழத்தைத் தாண்டி நேராக ஃபில்டருக்குப் போனார். பாதியாக அறுத்த தண்ணீர் பாட்டிலை அதன் அடியில் பிடித்து, கீழே இருந்த சின்னத் திருகைத் தளர்த்தினார். டீசல் வர வேண்டிய இடத்தில் நிறமில்லாமல் ஏதோ வழிந்தது. பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். மேலே மஞ்சளாக டீசல், அடியில் நான்கு விரல் உயரம் தண்ணீர். நடுவில் கோடு போட்டதுபோலப் பிரிந்து நின்றது.

“டீசலுக்குத் தண்ணி ஆவாது. தண்ணி கனம், அடியில குந்திக்கும். ஃபில்டரு புடிச்சு வைக்கும், ரொம்பினா அதுவும் இன்னா பண்ணும்? பேரலு எப்படி வச்சிருக்கீங்கன்னு பாருங்க சார்.”

பக்தவச்சலத்துக்குக் கடைசி வார்த்தைகள் காதில் விழவில்லை. தண்ணீர் என்ற ஒரு சொல்லே அவருக்குப் போதும்.

“எடுத்த அளவுக்குத் தண்ணிய ஊத்தி ரொப்பி வச்சிருக்கா, பாத்தியாடா!” என்றார். பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. கொட்டகைச் சாவி யாரிடம் இருந்தது?

மாயவனுக்கு அந்த இடத்தில் ஒன்று தெரியும். காலையில் அவன் அவிழ்த்தது, நேற்று அவன் போட்ட அதே முடிச்சு. முந்தா நாளும் அப்படியே. பதினைந்து நாளும் அப்படியே. மூட்டையை யாரும் தொடவில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. அந்தச் சாட்சி அவன் விரல்களிலேயே இருந்தது. வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொன்னால், ‘அப்படியென்றால் தண்ணீர் எப்படி வந்தது, நீ ஊற்றினாயா’ என்று கேள்வி தன் பக்கம் திரும்பும். “தெரியலீங்க மொதலாளி” என்றான்.

மறுநாள் காலை வேலை தொடங்கும் முன் கொட்டகைக்குப் பக்கத்தில் இருந்த அம்மன் கல்லுக்கு முன்னால் எல்லோரையும் நிற்க வைத்தார்கள். உள்ளங்கையில் கற்பூரத்தை எரியவிட்டு, சத்தியம் சொல்லி, கையை மூடி அணைக்க வேண்டும். பொய் சொன்னவளை அம்மன் பார்த்துக்கொள்வாள். இதுதான் அங்கே விசாரணை. பேரலுக்குப் பக்கத்தில் தினமும் போனவர்கள் இரண்டு பேர், பொன்னியும் மாயவனும். கற்பூரத்தை நீட்டியது பொன்னியிடம் மட்டும். டீசலில் வியாபாரியும் கலப்படம் செய்யலாம். அவர் கையிலும் யாரும் கற்பூரம் வைக்கவில்லை. கணக்கில் ஒரு சொட்டு குறைந்தால் எந்த முதலாளியின் உள்ளங்கையும் எரிந்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

“நான் எதுக்குங்க அணைக்கணும்? எடுக்கலன்னு சொல்றேனே, பத்தாதா?” என்று கேட்டார் பொன்னி.

“மடியில கனம் இல்லாதவளுக்கு இன்னா பயம்?” என்றார் பக்தவச்சலம்.

பொன்னி கையை நீட்டினார். மாயவன் தீக்குச்சி உரசினான். ஆம், அவன்தான் உரசினான். “பேரலுல நான் கை வைக்கல, தண்ணி ஊத்தல” என்று சொல்லிப் பொன்னி கையை மூடினார்.

உப்பு வாருகிற கை முழுக்க வெடிப்பு. கற்பூரம் ஒரு வெடிப்பில் உருகி இறங்கிவிட்டது. கையைத் திறந்தபோது நடுவில் சிவந்திருந்தது. மதியத்துக்குள் ரூபாய்க் காசு அளவில் கொப்புளம் எழுந்தது. எரிகிற கற்பூரத்துக்கு உண்மையும் தெரியாது, பொய்யும் தெரியாது. தோல் மட்டும்தான் தெரியும். ஆனால் பாத்தியில் முதலில் குரல் கொடுத்தது மாயவனின் மனைவி மலர்கொடி: “கை வெந்துடுச்சு பாத்தீங்களாடி? ஒண்ணும் இல்லாமலா வேவும்?” அதோடு தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. சாயங்காலம் பொன்னியிடமிருந்து கொட்டகைச் சாவியை வாங்கிக்கொண்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். இன்ஜின் போடும் வேலை காலனியிலிருந்து உப்பு வார வரும் அருக்காணிக்குப் போனது. சாவி மாயவன் சட்டைப் பைக்கு வந்தது.

ஒன்பது நாள் கழித்து, முதலாளியின் மனைவியைப் பாண்டிச்சேரியில் இறக்கிவிட்டுக் காலி வண்டியில் திரும்பும்போது, கோட்டக்குப்பம் தாண்டியதும் கார் அதே மாதிரி குலுங்கி நின்றது.

மாயவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். பொன்னி இல்லை. சாவி தன் பையில். முடிச்சு தன்னுடையது. தண்ணீர் மட்டும் வந்துவிட்டது. இப்போது கற்பூரம் வைக்க ஒரே ஒரு கைதான் மீதி. முதலாளிக்குத் தெரிவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று, நடந்தே போய் ஹயாத் பாயைக் கூட்டிவந்தான்.

பாய் திருகைத் தளர்த்திப் பாட்டிலில் பிடித்தார். இந்த முறை மேலே இருந்த டீசலை ஊற்றிவிட்டு, அடித்தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். முகத்தைச் சுளித்துத் துப்பினார்.

“ஏம்பா, வண்டிய கடல்லயா ஓட்டுற? நீயே பாரு.”

மாயவன் தொட்டு வைத்துப் பார்த்தான். டீசல் நாற்றத்தைத் தாண்டி, நாக்கு சுருங்கும் கசப்பு உப்பு. பாத்தியில் உப்பு வாரிய பிறகு அடியில் நிற்கும் கசப்புத் தண்ணீரின் ருசி. பத்து வருடம் அதில் நின்றவனுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“பேரலு எங்க நிக்குது? மேல இன்னா இருக்குது?” என்றார் பாய்.

“மூட்டை. உப்பு மூட்டை. யாரும் தொறக்கக் கூடாதுன்னு நான்தான் பாய்…”

ஹயாத் பாய் அவனைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

“யா அல்லா! உப்பு மூட்டையாம்! ஏம்பா, உன் வூட்டு உப்பு ஜாடி மழைக்காலத்துல இன்னா ஆவுது?”

“கசிஞ்சு போவும்.”

“ஈர உப்பு கடக்காத்தை வாங்கி ராத்திரி பூரா கசியும். கசிஞ்ச தண்ணி பேரலு தலையில தேங்கும். வெறும் துணி அடைப்பு, அதுவும் ஊறிக்கும். பகல்ல தகரக் கொட்டாயில பேரலு காயுது, உள்ள இருக்குற காத்து வெளிய போவும். ராத்திரி ஆறுது, காத்தை உள்ள இழுக்கும். வாயில தேங்கி நிக்குற தண்ணியையும் சேத்துத்தான் இழுக்கும். பேரலும் நம்மளாட்டம் மூச்சு வுடும்பா. தினமும் காலையில நீயே அந்தத் தண்ணிய அடியிலேர்ந்து குழாய் போட்டு உறிஞ்சி வண்டியில வுட்டுக்குற. திருடனே வேணாம்! நீ வச்ச பூட்டே பத்தும்!”

அவர் சிரித்துக்கொண்டே ஃபில்டரில் காற்றை வெளியேற்றினார். கையால் பம்ப் அடித்து, குமிழி நின்று சுத்த டீசல் வரும்வரை காத்திருந்து திருகை இறுக்கினார். எப்படிச் செய்வது என்று மாயவனுக்கும் காட்டிக்கொடுத்தார். “தெனம் காலையில வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி இந்தத் திருகை ஒரு தரம் தொறந்து பாரு. எந்த டிரைவருக்கும் இதுதான் மொத பாடம்.”

மாயவன் சிரிக்கவில்லை. தினமும் காலையில் மூட்டையைத் தூக்கும்போது பேரல் தலை ஈரமாக இருந்ததும், அந்தக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டதும் நினைவுக்கு வந்தன. உப்பளத்தில் எதுதான் ஈரமில்லை என்று விட்டிருந்தான். கொப்புளம் எழுந்த கையும் நினைவுக்கு வந்தது.

இங்கே அவன் கதை முடிந்திருந்தால் நல்லவன் கதையாக இருந்திருக்கும். நேராகப் போய் எல்லோரிடமும் சொன்னான் என்று எழுதியிருக்கலாம். அவன் சொல்லவில்லை. பதினொரு நாள் சொல்லவில்லை.

மூட்டையை இறக்கிவிட்டான். அருக்காணி கேட்டதற்கு, “சாவி எங்கிட்ட இருக்கும்போது மூட்டை எதுக்கு?” என்றான். பேரலை உருட்டிக் கவிழ்த்து அடித்தண்ணீரை வெளியேற்றியிருக்க வேண்டும். அதைச் செய்தால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் பேரலைத் தொடவில்லை. காலையில் யாரும் வருமுன் பானெட்டைத் திறந்து, தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, மணலில் ஊற்றிக் காலால் மூடினான்.

மலர்கொடி ஒருநாள் அதைப் பார்த்துவிட்டாள். அவளிடம் மட்டும் சொன்னான். அவள் வாயில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கொஞ்சம் கழித்து, “நான்தான் மொதல்ல சொன்னேன், கை வெந்துடுச்சுன்னு” என்றாள். இன்னும் கொஞ்சம் கழித்து, “சொல்லாதீங்க. வேலை போயிடும்” என்றாள். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னாள்.

அந்த நாட்களில் பொன்னி வேலை கேட்டு ஒவ்வொரு அளமாக ஏறி இறங்கினார். நான்கு மேஸ்திரிகள் இல்லை என்றார்கள். நம்பிச் சாவி கொடுத்த இடத்திலேயே திருடியவள் என்று பெயர் எடுத்தவளை எவன் சேர்ப்பான்? கடைசியில் பிரம்மதேசம் பக்கம் களை எடுக்க நடந்தார், போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். கொப்புளம் உடைந்து சீழ் பிடித்த கையில் துணி சுற்றியிருந்தார். மாயவன் அந்தச் சாலையில் இரண்டு முறை அவரைக் காரில் கடந்தான். முதல் முறை ஹாரன் அடித்தான். எதிரே யாரும் இல்லை. இரண்டாவது முறை கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

பன்னிரண்டாம் நாள் பேரல் அடிமட்டத்துக்கு வந்தது. காலையில் குழாயில் வந்தது பாதிக்குமேல் தண்ணீர். கொட்டகையில் ஆயில் இன்ஜின் நின்றது. அதே நாள் திண்டிவனம் சாலையில் முதலாளி உட்கார்ந்திருக்கும்போதே காரும் நின்றது. மாயவன் இறங்கித் திருகைத் தளர்த்தித் தண்ணீரை இறக்கினான். பக்தவச்சலம் பாட்டிலைப் பார்த்தார்.

“புதுசா வந்தவளும் ஆரம்பிச்சுட்டாளா? இவளுங்க சாதிப் புத்தியே அதானே. நாளைக்குக் கற்பூரம் வாங்கியாந்துடுடா. அருக்காணி கையில வை.”

மாயவன் சரி என்றான். சாயங்காலம் கடையில் கற்பூரப் பொட்டலம் ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, வீட்டுக்குப் போகாமல் காலனிப் பக்கம் நடந்தான். அந்தத் தெருவுக்குள் அவன் அதற்குமுன் போனதில்லை.

பொன்னி வாசலில் ஒற்றைக் கையால் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தார்.

“பொன்னிக்கா” என்றான்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். “இது இன்னா டிரைவரே, புதுசா இருக்குது? அக்காவா?”

அவன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். மூட்டையைச் சொன்னான், துணி அடைப்பைச் சொன்னான், பாய் நாக்கில் வைத்துப் பார்த்ததைச் சொன்னான். பொன்னி சட்டியை வைத்துவிட்டுக் கேட்டார்:

“எப்பத் தெரியும்?”

“பதினோரு நாளாச்சு.”

“பதினோரு நாளு.” அவர் அதை மட்டும் திரும்பச் சொன்னார். “இப்ப எதுக்கு வந்தீங்க? அருக்காணி கைய வேவ வைக்கப் பயமாக்கீதா?”

அவன் கற்பூரப் பொட்டலத்தை எடுத்தான். “நாளைக்கு எல்லார் முன்னாடியும் நான் அணைக்கிறேங்க்கா. நீங்க ஊத்தலன்னு அம்மன் மேல சத்தியமா…”

“அதை உள்ள வைங்க மொதல்ல!” பொன்னியின் குரல் தெரு முனைவரை கேட்டது. “உங்க கை வேவலன்னா நான் நல்லவ, வெந்துட்டா நான் திருடியா? எம்மேல பழி போடத்தான் ஒருத்தனும் கண்ணால பாக்கல. அந்தப் பழிய எடுக்கவாவது எல்லாரும் கண்ணால பாக்கட்டும். அந்த பாய் உங்களுக்குக் காட்டினாப்பல காட்டுங்க. நான் வர்றேன்.”

மறுநாள் காலை அம்மன் கல்லுக்கு முன்னால் பெண்கள் நின்றார்கள். அருக்காணி கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். பொன்னி கொஞ்சம் தள்ளி, யாரோடும் சேராமல் நின்றார். பக்தவச்சலம் கற்பூரம் எங்கே என்றார். மாயவன் காரைக் கொட்டகை வாசலில் கொண்டுவந்து நிறுத்திப் பானெட்டைத் திறந்தான்.

“மொதலாளி, ஒரு நிமிஷம் இதைப் பாருங்க.”

திருகைத் தளர்த்தினான். பாட்டிலில் தண்ணீர் இறங்கியது. டீசலை ஊற்றிவிட்டு, மிச்சத்தை அருக்காணியிடம் நீட்டினான். “தொட்டு நாக்குல வை.” அருக்காணி வைத்துத் துப்பினாள். “அய்ய, கசப்புத் தண்ணி!” பாட்டில் கைமாறியது. ஒவ்வொருத்தியும் விரலை வைத்தாள். கொட்டகை மூலையில் கிடந்த அதே மூட்டையை முந்தைய நாள் ராத்திரியே அவன் ஒரு தகரத்தின் மேல் தூக்கி வைத்திருந்தான். தகரத்தில் ஒரு கை அள்ளுகிற அளவுக்குத் தண்ணீர் கசிந்து நின்றது. பேரலின் துணி அடைப்பைப் பிடுங்கிப் பிழிந்தான்; உப்பு ஊறிய துணி இன்னும் சொட்டியது. விளக்க அதிகம் தேவைப்படவில்லை. உப்பு கசியும் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் பிறந்ததிலிருந்தே தெரியும். தெரிந்தும் ஒருத்திக்கும் அது தோன்றவில்லை. திருடி என்பது அதற்கு முன்பே தோன்றிவிட்டது.

“நான்தாங்க மூட்டைய வச்சது. தண்ணி எறங்குனது அதனாலதான். பொன்னிக்கா ஊத்தல” என்றான் மாயவன்.

பொன்னி முன்னால் வந்தார். “ஒண்ணு கேக்கணும் டிரைவரே. நீங்க போட்ட முடிச்சு ஒருநாளாவது கலைஞ்சிருந்துச்சா?”

மாயவனால் தலை தூக்க முடியவில்லை. “இல்ல.”

“நான் கற்பூரம் ஏந்தின அன்னிக்கு?”

“அன்னிக்கும் தெரியும்.”

மலர்கொடி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பாத்தியின் பக்கம் திரும்பிக்கொண்டாள். பக்தவச்சலம் தொண்டையைச் செருமினார்.

“சரி சரி, ஆனது ஆச்சு. இந்த முட்டாப்பய பண்ண வேலை. பொன்னி, நீ போய் இன்ஜினைப் போடு. டேய், ரெண்டு சாவியையும் வச்சிட்டுக் கெளம்பு.”

அவ்வளவுதான் அவர் சொன்னது. வேலையைவிட்டு நிறுத்தியவர் அவர், கற்பூரம் கேட்டவர் அவர். ஆனால் அங்கே வெட்கப்பட்டவர்கள் பட்டியலில் அவர் இல்லை. அவர் போன்றவர்கள் ஒருநாளும் இருப்பதில்லை.

மாயவன் கார் சாவியையும் கொட்டகைச் சாவியையும் பானெட்டின் மேல் வைத்தான். பொன்னியிடம், “மன்னிச்சிடுங்கக்கா” என்றான்.

“அத அப்புறம் பாக்கலாம். நாலு அளத்துல போய் நின்னேன். நாலு மேஸ்திரியும் திருடின்னு தொரத்துனான். இங்க சொன்னது இவங்களுக்கு. அங்க யாரு சொல்றது? நானே போய் நான் திருடி இல்லன்னு சொல்லிக்கினு திரியட்டுமா? நீங்க போங்க. இன்னிக்கே போங்க.”

சொல்லிவிட்டுக் கொட்டகைச் சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவருக்குச் சோறு வேண்டும். வேலை வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வசதி அவருக்கு இல்லை.

மாயவன் நடந்தான். முதல் அளத்தில் மேஸ்திரி சவரிமுத்து உப்பு அம்பாரத்துக்குக் கீற்று போட்டுக்கொண்டிருந்தார். பொன்னி திருடவில்லை என்று மாயவன் சொன்னான். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. “அதுக்கு நீ எதுக்குப்பா வெயில்ல வந்த? போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமே” என்றார் சவரிமுத்து. இரண்டாவது அளத்தில் ஒருவன், “வேலை போயிடுச்சா? இங்க டிரைவர் வேலை காலி இல்லியே” என்று சிரித்தான். மூன்றாவது அளத்தில் மேஸ்திரி சாப்பிடப் போயிருந்தார், பெண்களிடம் சொன்னான். அவர்கள் உப்பு இழுக்கும் பலகையை நிறுத்தாமல் கேட்டார்கள். ஒரு கிழவி மட்டும் நிமிர்ந்து, “பாவம், கை ஆறிடுச்சா அதுக்கு?” என்றாள். அவனுக்குத் தெரியவில்லை. முந்தின சாயங்காலம் அவர் வாசலில் அவ்வளவு நேரம் நின்றிருந்தும் அதை அவன் கேட்கவில்லை.

நான்காவது அளம் கழிமுகத்தை ஒட்டி, கடைசியில். மேஸ்திரி வரப்பில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். மாயவன் இதற்குள் சொல்லப் பழகியிருந்தான். எங்கும் நிறுத்தாமல் சொன்னான்: பக்தவச்சலம் அளத்தில் டீசலில் தண்ணீர் ஊற்றியது பொன்னி இல்லை, தப்பு முழுக்கத் தன்னுடையது, அவர் வந்து கேட்டால் வேலை கொடுக்க வேண்டும்.

மேஸ்திரி நெற்றியைச் சுருக்கினார். “பொன்னின்னா யாருப்பா? பொன்னி மூணு பேரு இருக்குறாளுங்க.”

“காலனி பொன்னிங்க. கடைசி வூடு. இன்ஜின் போடுவாங்களே.”

“தெரியலியே.” பாத்தியில் இருந்த ஒருத்தி எட்டிப் பார்த்துக் கத்தினாள்: “அதாங்க மேஸ்திரி, டீசல் பொன்னி!”

“அட, டீசல் பொன்னியா?” மேஸ்திரியின் முகம் தெளிந்தது. “அப்படிச் சொல்லு. அவளத்தான சொல்ற?”

மாயவன் அந்தப் பெயரை அதுவரை கேட்டதில்லை. வேறு எப்படிச் சொன்னால் இவர்களுக்குப் புரியும் என்று ஒரு கணம் தேடினான். பாத்தியில் ஆறேழு பெண்கள் பலகையை நிறுத்தி அவன் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஆமாங்க” என்றான். “அவங்களத்தான்.”